பாதி கடித்த வடை

ஐநூறு ரூபாய், மதியச் சாப்பாடு,
வேட்டி நம்முடையது.
சட்டையில் எழுத்து இருக்கக் கூடாது,
கைக்கடிகாரம் கூடாது,
கதை நடப்பது அறுபத்திரண்டில் என்றார்
ஏஜென்ட் சாத்தையா.
ரைஸ்மில்லில் லீவு சொல்லிவிட்டு
புதுவயலிலிருந்து முதல் பஸ்.

பள்ளத்தூரில் அந்த வீட்டை
மதிலுக்கு வெளியேதான் பார்த்திருக்கிறேன்.
ஒரு தெருவில் முகமும்
அடுத்த தெருவில் முதுகும் வைத்திருக்கும் வீடு.
இரண்டாம் கட்டில் பந்தி.
தூண்களுக்கு நடுவே தண்டவாளம் போட்டு
அதன் மேல் கேமரா.

எனக்குப் பெயர் பச்சைத் துண்டு.
பச்சைத் துண்டு, நீங்க மூணாவது இலை.
நாலாவது இலையில்
அடைக்கலம் உட்கார்ந்திருந்தான்.

பெரியப்பா மகன்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
சேர்ந்து வாங்கிய லோடு வேனில்
யார் கட்டாத தவணை அது என்று
இன்னும் முடிவாகவில்லை.
வேன் முடிந்துவிட்டது,
காரைக்குடியில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.
இடம் மாற்றிக் கேட்கலாமென்று எழுந்தேன்.
உக்காருங்க பச்சை,
லைட் வெச்சாச்சு.

இலையில் எல்லாம் இருந்தது.
கவுனி அரிசி, கந்தரப்பம், மாங்காய் மண்டி.
சோற்றில் ஆவி வரவில்லையென்று
இலைக்குப் பின்னால் நாலு ஊதுபத்தி.
எதையும் தொடக் கூடாது, வடையில் மட்டும் ஒரு கடி.
ஒவ்வொரு டேக்குக்கும் அதே கடி.
அதற்கென்றே ஒரு பெண்
என் வடையை செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தாள்.
கடி பெருசாயிருச்சுண்ணே, வேற வடை.
மூட்டைக்கு இருநூறு கிராம் குறைந்தாலும்
தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன் நான்.
என் வாயின் அளவை
அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து இலைக்காரங்க பேசிக்குங்க,
சொந்தக்காரங்க மாதிரி.
சிரிங்க.
சத்தம் மட்டும் வரக் கூடாது,
ஹீரோயின் பேசறாங்க.

முதல் டேக்கில்
ஒன்று இரண்டு மூன்று என்று வாயசைத்தேன்.
இரண்டாவதில் மோர், மோர், மோர்.
அடுத்ததில் ஹீரோயினுக்கு வசனம் மறந்தது.
அதற்கடுத்து கொல்லைப்பக்கம் மயில் அகவி
எல்லாரையும் நிறுத்தியது.

ஆறாவதோ, ஏழாவதோ.
பெரியம்மா போன அன்னைக்கு
உன் தெருமுக்கு வரைக்கும் வந்தேன்டா,
வாங்கின மாலையை
பெட்டிக்கடை ஆணியில மாட்டிட்டுத் திரும்பிட்டேன்
என்றேன்,
மூச்சுகூட வெளியே வராமல்.

அடைக்கலம் தோள் குலுங்கச் சிரித்தான்.
சிரிக்கத்தான் சொல்லியிருந்தார்கள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து
நீளமாக ஏதோ சொன்னான்.
ஓரிடத்தில் உதடு ஒட்டிப் பிரிந்தது,
மகரமோ பகரமோ.
ஓரிடத்தில் அவன் கண்
என் துண்டில் இறங்கி நின்றது.
நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தேன்.
சூப்பர் பச்சை, அதே சிரிப்பு, ஒன்ஸ் மோர்.

ஒன்ஸ் மோரில் அவன்
ஒன்று இரண்டு மூன்று என்றான்.

கவர் வாங்கும் வரிசையில்
எனக்கு நாலு ஆள் முன்னால் நின்றான்.
எண்ணிப் பார்க்காமல்
சட்டைப்பைக்குள் வைத்தான்.
எண்ணாமல் வைக்கிறவன் இல்லை அவன்.

படம் எட்டு மாதம் கழித்து வந்தது.
பந்தி நாலு நொடி,
மேலே வயலின்.
ஹீரோயின் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு பச்சை,
அதை ஒட்டி ஒரு தலை.
வடை தெரியவேயில்லை.
வடைக்குக் கணக்கு வைத்த பெண்ணின் பெயரைப்
படிப்பதற்குள் லைட் போட்டுவிட்டார்கள்.
மறுநாள் முதல் வரிசையில் டிக்கெட் எடுத்தேன்.
கிட்டப் போனதும்
அந்த உதடு இன்னும் மங்கியது.

நேற்று சாத்தையா போன் பண்ணினார்.
ஆத்தங்குடியில் துக்க வீடு சீன், ரெண்டு நாள்,
மொட்டையடிக்கச் சம்மதம்னா ஆயிரம்.
அடைக்கலம் வர்றானா என்று கேட்டேன்.
ஏன், அவன் வந்தா வர மாட்டியா என்றார்.

மில்லில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
நான் சொன்னது
அவருக்குக் கேட்டிருக்காது.